வெள்ளையடித்த குழாய்

மீன் தொட்டியில் முதலில் செத்தவை நத்தைகள். ஒன்றிரண்டு என்றால் வயசாகிவிட்டது போல என்று விட்டுவிடலாம். ஒரே வாரத்தில் ஒன்பது நத்தை கண்ணாடியை விட்டுக் கழன்று மணலில் மல்லாந்து கிடந்தால் மனுஷி என்னவென்று நினைப்பாள்? பெரியவள் ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து முகர்ந்து பார்த்தாள். செத்த நத்தையின் நாற்றம் மூக்கில் ஏறினால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் இறங்காது. அந்த நாற்றத்தோடுதான் வேலைக்குப் போனாள், அந்த நாற்றத்தோடுதான் திரும்பி வந்தாள். அடுத்த வாரம் இறால் இரண்டும் போயின. அதற்கப்புறம் பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொள்ள ஆரம்பித்தன.

தம்பிக்கு மூத்தவள் என்பதால் வீட்டில் அவள் பெரியவள். முப்பத்தேழு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை. அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போட்டவனுக்கு நாள் முழுக்கத் தலைவலி. பதினான்கு வருஷத்தில் ஒருத்தனும் அவள் பொருத்திய கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை என்பதில் அவளுக்கு ஒரு மிதப்பு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த மிதப்புதானே.

புருஷன் வீட்டை விட்டு வந்த அன்று அவள் கையில் இருந்தது ஒரு பெட்டி, மூடி போட்ட ஒரு வாளி. பெட்டியை டாக்சியின் பின்னால் போட்டாள். வாளியை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு பவளத் துண்டு. ஏழு வருஷத்தில் அந்தத் துண்டு இரண்டு சாண் அகலத்துக்குப் படர்ந்து, நாற்பது ஐம்பது தலைகளோடு, பச்சையும் ஊதாவுமாக அலைந்துகொண்டிருந்தது. வீட்டில் அதற்குப் பெரிய பூ என்று பெயர். பூ இல்லை, அது ஒரு உயிர், அதற்கு வாய் இருக்கிறது, இரை கொடுத்தால் பிடித்துத் தின்னும் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போய், கடைசியில் அவளும் பெரிய பூ என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

கூடத்துச் சுவரோரம் நாலடி நீளத் தொட்டி. முந்நூறு லிட்டர் கடல் தண்ணீர். கடலை அவள் நேரில் பார்த்தது நாலைந்து தடவைதான். ஆனால் கடல் தண்ணீரைத் தன் கையாலேயே செய்வாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் இருக்கிற, தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. மிஷினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் சுவரோரமாக ஓடி வந்து, கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் முடியும். அந்தச் சுத்தத் தண்ணீரில் உப்புப் பொடியைக் கரைத்தால் கடல். கோடையில் நாளொன்றுக்கு மூன்று லிட்டர் ஆவியாகப் போகும். போவது வெறும் தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைகிற அளவுக்கு டிரம்மிலிருந்து சுத்தத் தண்ணீரை மட்டும் விடவேண்டும். உப்புத் தண்ணீரை விட்டால் ஒரு மாசத்தில் ஊறுகாய் போட்டுவிடலாம்.

தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்து, முகம் கழுவி, டீ போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் முக்காலியில் உட்காருவாள். ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீர் எடுப்பாள். அதில் சோதனை மருந்தை விட்டு, நீலம் மஞ்சளாக மாறும் வரைக்கும் சொட்டு எண்ணுவாள். அது காரத்தன்மை, எட்டு இருக்கவேண்டும். ஏழுக்கு வந்தாலும் கவலை, ஒன்பதுக்குப் போனாலும் கவலை. பிறகு கால்சியம், நானூற்று இருபது. மெக்னீசியம், ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. உப்பு, முப்பத்தைந்து. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவாள். பவளம் தன் எலும்பை இந்தத் தண்ணீரிலிருந்துதான் கட்டிக்கொள்கிறது. தண்ணீர் ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி இருந்தால் அது நம்பிக்கை இழந்துவிடும் என்பாள்.

இந்த மூன்று வாரமும் அந்த எண்களில் ஒன்றுகூட நகரவில்லை. அதுதான் அவளைப் பைத்தியம் பிடிக்க வைத்தது. எட்டு, நானூற்று இருபது, முப்பத்தைந்து. எல்லாம் சரி, ஆனால் எல்லாம் சாகிறது. தண்ணீரில்தான் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று கால்வாசித் தண்ணீரை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு நாள் கழித்து இன்னொரு கால்வாசி. மாற்ற மாற்ற மோசமானது. பாவி மகள், எதை ஊற்றுகிறோம் என்று தெரியாமலே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டது. பெரிய பூவின் ஒரு பக்கம் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. கூடம் முழுக்க ஸ்ப்ரே வாசனை.

தம்பி மனைவி அழகுநிலையத்தில் வேலை பார்த்தவள். இரண்டு மாசமாக வெளியே போவதில்லை. முன்னறையில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்டு, வருகிற ஒன்றிரண்டு பேருக்கு முடி வெட்டிவிடுகிறாள், நகத்துக்குப் பூச்சுப் போட்டுவிடுகிறாள். வீட்டில் அவள் சின்னவள். அப்போதுதான் ஒரு வாடிக்கைக்காரியை வழியனுப்பிவிட்டுத் தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஸ்ப்ரே அடிச்சியா?" என்றாள் பெரியவள்.

"ரூம்ல கதவ மூடிட்டுத்தான் அண்ணி அடிச்சேன்."

"மூடினா வாசனை எப்படி இங்க வருது? நடந்தா வருது?"

"அண்ணி, துண்டு போட்டுத் தொட்டிய மூடிட்டுத்தான்..."

"துண்டு போட்டியா. காத்து உள்ள போறதுக்குத்தான் அங்க பம்ப் ஓடுது, அது எந்தக் காத்த இழுக்குது? உன் ஸ்ப்ரேயத்தான் இழுக்குது. வந்து பாரு. எலும்பு தெரியுது பாரு. ஏழு வருஷம்."

சாப்பாட்டு மேஜையில் அப்பா ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்த மனிதர். "விடும்மா, ஒரு பூவுக்குப் போய்..." என்றார்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற அவருக்குச் சொல்லியா தரவேண்டும்? பெரியவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சின்னவளைப் பார்த்துச் சொன்னாள்: "நீ இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து பாக்கறேன். உன்கிட்ட எதுடி உயிரோட தங்குது?"

துடைப்பம் நின்றது.

இரண்டரை மாசத்துக்கு முன்னால் சின்னவளுக்கு நாலு மாசக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? இதே பெரியவள்தான். தலை வாரிவிட்டது அவள், துணி மாற்றிவிட்டது அவள், யாரும் அவளிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசக்கூடாது என்று வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி எச்சரித்து அனுப்பியதும் அவள். அந்த வாயிலிருந்துதான் இது வந்தது. தெரியாமல் வந்தது என்று சொல்ல முடியாது. எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்த கை அது.

சின்னவள் அழவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். முடியை முறத்தில் அள்ளிக் குப்பையில் போட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தவன் கதவுக்கு உள்ளே அரைமணி நேரம் இருந்தான். வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, அந்த வார்த்தைய நீ சொன்னியா?"

"சொன்னேன்."

"சரி. சொல்லலன்னு சொல்லுவியோன்னு பாத்தேன்." பேச்சில் சத்தமே இல்லை. சத்தம் போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள். "ஞாயித்துக்கிழமை நாங்க கிளம்பறோம். அவ அம்மா வீட்டுக்கு. அப்புறம் வேற வீடு பாத்துக்கறோம். நீ உன் தொட்டியோட நல்லா இரு."

"டேய், தொட்டி செத்துக்கிட்டு இருக்குடா."

"அவளும்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

சனிக்கிழமை மத்தியானம் பவளக்காரர் கடைக்குப் போனாள். மீன், பவளம், உப்பு விற்கிற அந்தப் பெரிய உடம்புக்காரரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வரிசையாகத் தொட்டிகள், நீல விளக்கு, மோட்டார் இரைச்சல். வெளியே வெயில் கொளுத்துகிறது என்பது உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தாள். அவர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"எண்ணெல்லாம் தங்கமா இருக்கு" என்றார். "மீன் எப்படி இருக்கு?"

"மீனுக்கு ஒண்ணுமில்ல. கோமாளி மீன் ரெண்டும் குதிச்சுக்கிட்டு இருக்கு. நத்தை, இறால், பவளம், இதுங்கதான். என் தம்பி பொண்டாட்டி ஸ்ப்ரே அடிக்கறா, அதான்."

"ஸ்ப்ரேன்னா மீனும்ல திணறும்." அவர் நோட்டை மூடினார். "முதுகெலும்பு இருக்கறது பொழைக்குது, இல்லாதது சாகுது. செம்பு பாத்தீங்களா?"

"செம்பா? என் தொட்டியில செம்பு எங்கேருந்து வரும்? ஒரு ஆணிகூட உள்ள கிடையாது."

"அது எனக்கென்ன தெரியும், உங்க வீடு. மீனுக்குச் செம்ப மருந்தாவே விடுவாங்க, ஒண்ணும் ஆகாது. நத்தைக்கும் பவளத்துக்கும் அதே விஷம். இந்தாங்க, இத வெச்சுப் பாருங்க." ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். "ரோஜா கலர் வந்துச்சுன்னா உயிரோட இருக்கற தலைய மட்டும் வெட்டி வாளியில போட்டு எடுத்துட்டு வாங்க. என் தொட்டியில வெக்கறேன். ஆறு மணிக்குள்ள வாங்க, அப்புறம் நான் கடைய மூடிடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் டீகூடப் போடவில்லை. தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டாள். ஐந்து நிமிஷம் காத்திருந்தாள். ரோஜா நிறம் வந்தது. உப்பில் கலப்படமோ என்று நினைத்து, உப்பே போடாத டிரம் தண்ணீரை எடுத்து அதற்கும் சொட்டு விட்டாள். இது தொட்டியைவிடக் கருஞ்சிவப்பு.

அப்படியானால் ஸ்ப்ரே இல்லை. தண்ணீர் டிரம்முக்கு வரும்போதே விஷத்தோடு வருகிறது.

சமையலறைக்குப் போனாள். ஆர்.ஓ. மிஷினின் வாயிலேயே நேராகப் பிடித்துச் சோதித்தாள். நிறமே வரவில்லை, வெறும் தண்ணீர். மிஷினிலிருந்து கூடம் வரைக்கும் இருபத்தைந்து அடி. அந்த இருபத்தைந்து அடிக்குள்தான் இருக்கிறது. முட்டிபோட்டு, அலமாரிக்குப் பின்னால் தலையை விட்டு, கைவிரலால் குழாயைத் தடவிக்கொண்டே போனாள். சுவருக்கு ஏற்ற வெள்ளை. வழவழவென்று இருந்தது. பிளாஸ்டிக் குழாய் இவ்வளவு கனமாக, இவ்வளவு விறைப்பாக இருக்காது. மூன்று வாரத்துக்கு முன்னால் பழைய பிளாஸ்டிக் குழாய் ஒழுகியது, கூடமெல்லாம் ஈரம். அப்பா "நான் பாத்துக்கறேன், நீ வேலைக்குப் போ" என்றார். அவள் திரும்பி வந்தபோது ஈரமில்லை. "சரி பண்ணிட்டேன்" என்றார். "நல்லதுப்பா" என்று சொல்லிவிட்டு டீ போட்டுக் குடித்தாள். பதினான்கு வருஷம் அரை மில்லிமீட்டரைத் துரத்தியவள் அன்றைக்குக் குனிந்து பார்க்கவில்லை.

நகத்தால் சுரண்டினாள். வெள்ளை உதிர்ந்தது. அடியில் புத்தம்புதுச் செம்பு பளபளத்தது.

அப்பா பால்கனியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் போய் நின்ற விதத்திலேயே அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அந்தப் பைப்பு என்ன பைப்பு?"

அவருக்கு முகம் மலர்ந்தது. "கண்டுபிடிச்சிட்டியா? செம்பும்மா. கால் இஞ்ச். பிளாஸ்டிக்க எலி கடிக்குது, வெயில்ல வெடிக்குது. இது உன் காலத்துக்கும் இருக்கும். ஒரு இடத்துலகூட ஜாயின்ட் ஒழுகாது, பாத்தியா? வெளிய தெரிஞ்சா நல்லாருக்காதேன்னு பெயின்ட்டும் அடிச்சு விட்டேன்."

"அந்தச் செம்புதான் எல்லாத்தையும் கொன்னுச்சு."

"செம்பா? இந்த ஊர் பூரா செம்புப் பைப்புல தண்ணி போகுது. எத்தனை வீட்டுக்கு நானே போட்டிருக்கேன். யாரு செத்தா?"

"அது குழாய்த் தண்ணி. இது எல்லாத்தையும் வடிகட்டின தண்ணி, ஒண்ணுமே இல்லாத தண்ணி. அதுக்குப் பசி. போற வழியில எது கெடச்சாலும் கரைச்சுத் தின்னுட்டு வரும். உங்க செம்பத் தின்னுட்டு வந்துச்சு. தண்ணி ஆவியாப் போச்சு, செம்பு தொட்டியிலயே தங்கிடுச்சு. நான் தண்ணிய மாத்த மாத்த விஷத்த ஊத்தியிருக்கேன். என் கையால ஊத்தியிருக்கேன்."

அவர் கழற்றிய கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு சொன்னார்: "நல்லதுக்குத்தானேம்மா பண்ணேன். இருக்கறதுலயே தரமான சாமானாப் பாத்துத்தான் போட்டேன்."

அந்த வாக்கியத்தை அவள் இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறாள். வார்த்தை பிசகாமல் கேட்டிருக்கிறாள். அப்பா மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் எல்லாக் குழாயையும் திறந்து மூடிப் பார்த்தாராம். எல்லாம் கனமான பித்தளை, ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். தரமான குடும்பம் என்று அங்கேயே சரி சொல்லிவிட்டு, இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்துதான் அவளிடம் சொன்னார். அந்தத் தரமான குடும்பத்தில் அவள் அடி வாங்காத மாசம் கிடையாது.

"கேட்டீங்களா?" என்றாள். குரல் ஏறியது. "ஒரு வார்த்த, ஏம்மா, செம்பு போடலாமான்னு கேட்டீங்களா? அப்பவும் கேக்கல. அவன் குழாயப் பாத்தீங்க, அவன் கையப் பாக்கல. நான் வாளியோட வந்து நின்னப்பவும், என்னாச்சுன்னு கேக்கல, ரூம காலி பண்ணிக் குடுத்தீங்க. எல்லாம் நல்லதுக்குத்தான். உங்க நல்லதுல செத்தது போதும்ப்பா. கேளுங்க. இருக்கற காலத்துல ஒரு தடவையாவது கேட்டுட்டுப் பண்ணுங்க."

அப்பா செய்தித்தாளை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். எழுந்து உள்ளே போனார். வாசல் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கை விட்டாள். பெரிய பூவில் மூன்று தலைகள் மட்டும் இன்னும் கொஞ்சம் பச்சை காட்டின. எலும்பு வெட்டும் கத்தரியால் அந்தக் கிளையை நறுக்கினாள். டக்கென்று ஒடிந்தது. புருஷன் வீட்டிலிருந்து வந்த அதே வாளி, அதே மூடி. கட்டைவிரல் பருமன்தான் இப்போதும் இருந்தது. ஏழு வருஷமும் எங்கே போயிற்று என்று கேட்டால் அவள் யாரைக் காட்டுவாள்?

வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சின்னவள் அறைக் கதவைத் தட்டினாள். நெஞ்சில் பாரம் பாதி இறங்கியது போலத்தான் இருந்தது. நல்ல செய்தி கொண்டு வந்திருக்கிறாளாம்.

"நான்தான். உன் மேல தப்பில்ல. ஸ்ப்ரே இல்ல. அப்பா போட்ட பைப்பு செம்பு. அதுதான்."

தாழ் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது, மடித்த துணிகள், சுற்றி வைத்த ஹேர் டிரையர். தம்பி வேலைக்குப் போயிருந்தான். சின்னவள் கண் வீங்கியிருந்தது, குரல் வீங்கவில்லை.

"செம்புன்னு தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"அலமாரிக்குப் பின்னால மாமா அந்தப் பைப்பப் போட்டப்ப டார்ச் பிடிச்சது நான்தான். பெயின்ட் அடிக்கறப்பவும் பிடிச்சேன். அண்ணிகிட்ட சொல்லாத, அவளே பாக்கட்டும்னாரு. செம்பு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் தெரியும்."

சின்னவள் கதவை அதற்கு மேல் திறக்கவில்லை.

"மூணு வாரமா அந்த முக்காலியில உக்காந்து சொட்டு எண்ணிக்கிட்டு இருந்தீங்க. நானும் பக்கத்துலதான் பெருக்கிக்கிட்டு இருந்தேன். வீட்டுல யாராவது எதையாவது மாத்தினீங்களான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீங்க தண்ணியத்தான் கேட்டீங்க. எங்கள யாரையும் கேக்கல. நேத்தும் கேக்கல, நேரா வந்து தீர்ப்பு சொன்னீங்க. இப்ப பால்கனியில மாமாவப் பாத்துக் கத்தினீங்களே, எல்லாம் இங்க கேட்டுச்சு."

"நான் சொன்னது தப்பு."

"எது தப்பு? ஸ்ப்ரேயா?"

"இல்ல."

"அப்ப எதுன்னு சொல்லுங்க."

சொல்லத்தான் வேண்டும். "உன்கிட்ட எதுவும் உயிரோட தங்கலன்னு சொன்னது" என்றாள். சொல்லும்போதே தரையைப் பார்த்தாள்.

"அது சரி." சின்னவள் தலையசைத்தாள். "பைப்ப மாத்துவீங்க. தண்ணிய நாலு தடவ மாத்துவீங்க. உங்க தொட்டி சரியாயிடும். எனக்குள்ள அந்தப் பேச்சு நிக்குதே அண்ணி, எதை மாத்தி அத எடுப்பீங்க?"

பதிலுக்கு நிற்காமல் கதவைச் சாத்தினாள். தாழ் விழுந்தது.

அதே நேரத்தில் வாசல் கதவு திறந்தது. அப்பா வியர்க்க விறுவிறுக்க வந்தார். தோளில் வளையம் வளையமாகச் சுற்றிய புதுக் குழாய், வெள்ளி மாதிரி மின்னியது. "எஸ்.எஸ். பைப்பு, எவர்சில்வர்" என்றார். "கரையாது, துருப்பிடிக்காது. கடையில இருக்கறதுலயே தரமானது. இப்பவே அதக் கழட்டிட்டு இதப் போட்டுடறேன்."

அடக் கடவுளே, இந்த மனிதரை என்ன செய்வது? அரைமணி நேரம் ஆகவில்லை. அவளுக்கு வந்த கோபத்தில் அந்தக் குழாயைப் பிடுங்கி மாடியிலிருந்து எறிந்திருப்பாள். எறியவில்லை. சின்னவள் கேட்டது காதிலேயே நின்றது. இந்த மனிதரின் மகள்தானே அவள். அவர் குழாயில் செய்ததை அவள் வாயால் செய்திருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அதக் கீழ வைங்கப்பா" என்றாள். "தொடாதீங்க. நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அப்பா குழாயை மேஜை மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தே கால். பவளக்காரர் கடைக்கு நடந்தால் இருபது நிமிஷம், வாளியோடு நடந்தால் அரைமணி.

அவள் மறுபடியும் சின்னவள் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். இந்தத் தடவை தட்டவில்லை.

"உள்ள வரலாமா?" என்றாள்.

பெட்டியின் ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டது, பாதியில் நின்றது.

"வேணாம் அண்ணி."

அவள் கதவைத் தள்ளவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பிக்கவும் இல்லை. ஒருத்தர் கேட்டு, வேண்டாம் என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றதை அந்த வீடு அதுவரைக்கும் பார்த்ததில்லை.

"சரி. நாளைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மறுபடி கேக்கறேன்."

ஜிப் மீதிப் பாதியும் ஏறியது. அதற்கப்புறம்தான் குரல் வந்தது.

"கேளுங்க."

வரச் சொல்லவில்லை. கிளம்பப் போவதில்லை என்றும் சொல்லவில்லை. பெரியவள் வாளியின் மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தண்ணீர் அலம்பாமல் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.